பங்கு போடாத மருந்து

கழுதை வளர்க்கிறவள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கிள்ளானில் மாரியாயியின் பெயரை எடுத்தாலே எல்லாரும் முதலில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். சிரிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அப்படிச் சிரித்தவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்ததும் ஆள் வந்து நின்றது மாரியாயி வீட்டு வாசலில்தான். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் கிள்ளானில் ஒரு சர்க்கஸ் கம்பெனி நொடித்துப்போனது. கூடாரத்தை விற்றார்கள், குதிரைகளை விற்றார்கள், குரங்குகூட விலைபோனது. ஒரு ஜோடிக் கழுதையை மட்டும் சீந்துவார் இல்லை. துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த கன்னையா, மாரியாயியின் புருஷன், ஒரு சாயங்காலம் அந்த ஜோடியை லோரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினான்.

"ஏங்க, புத்தி பிசகிப்போச்சா உங்களுக்கு? மீன் வாங்கிட்டு வரச் சொன்னா கழுதைய ஓட்டிட்டு வரீங்க!"

"வாங்கல லா, சும்மாதான் குடுத்தான். பட்டினியா நிக்குது, பாக்க மனசு கேக்கல."

கன்னையா அப்படித்தான். ரோட்டில் போகிற பாவத்தையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவருகிற ஆள். மாரியாயி கத்து கத்தென்று கத்திவிட்டு, கத்தின வாயோடு ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். பெட்டைக்குக் கண்ணோரத்தில் மை தீட்டினது போலக் கறுப்பு ஓடியிருந்தது. அதனால் அதற்குச் சிங்காரி என்று பெயர் வைத்தாள். எந்நேரமும் வேலி தாண்டப் பார்த்த கடுவனுக்கு மைனர்.

மாரியாயிக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் வயிறு திறக்கவில்லை. கம்பம் என்று சொல்லும் அந்தக் கிராமத்து ஜனங்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளும் ஒருவரும் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. வளைகாப்பு என்றால் காய் நறுக்கக் கூப்பிடுவார்கள், வளையல் போடக் கூப்பிடமாட்டார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், "தூங்குது மாரியாயி, அப்புறமா வாயேன்" என்பார்கள். எந்தப் பிள்ளைதான் மாதக்கணக்காகத் தூங்கும்? அவளும் புரிந்துகொண்டு அந்த வீட்டுப் பக்கமே போகாமல், பாசார் சந்தைக்குச் சுற்றுவழியில் போய்வர ஆரம்பித்தாள்.

சிங்காரி முதல் குட்டி போட்டதும் இதெல்லாம் தலைகீழாக மாறியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து ஒரு மனுஷர் ரயிலேறி வந்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, சளியாக இருக்கிறது, ஒரு பாலாடை கழுதைப்பால் கிடைக்குமா என்று கேட்டார். கழுதைப்பால் ஊட்டினால் பிள்ளைக்குச் சீக்கு அண்டாது, குரல் கணீரென்று வரும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டால் திட்டுவாள். அது சரியா தப்பா என்கிற பஞ்சாயத்து நமக்கு இங்கே வேண்டாம். பால் கறந்த சூடு ஆறும் முன்னே ஊட்ட வேண்டும் என்பதால் தூரத்து ஆட்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிள்ளானுக்குள் இருந்தவர்கள் சிங்காரியோடு மாரியாயியை வீட்டுக்கே அழைத்தார்கள். எந்த வாசலில் "அப்புறமா வா" என்றார்களோ அதே வாசலில் பாய் விரித்து உட்காரவைத்து, குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் கொடுத்தார்கள். முதல் தடவை வீட்டுக்குத் திரும்பும்போது வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சிங்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்டி, நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இனி பக்கிரிசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை வைத்து, மோட்டார் சைக்கிளில் பால் ஊற்றுகிறவர். தங்கமான மனுஷர். கம்பத்தில் ஊசி போடத் தெரிந்த ஒரே ஆள். எங்கிருந்தோ பென்சிலின் பாட்டில் வாங்கிவருவார். அவர் மாட்டுக்குக் கொஞ்சம், அடுத்த வீட்டு ஆட்டுக்குக் கொஞ்சம், சிங்காரிக்குக் கொஞ்சம். ஒரு பாட்டில் வந்தால் கோயில் பொங்கல் மாதிரி எல்லாருக்கும் பங்கு உண்டு. தனக்கு மட்டும் வைத்துக்கொள்வது அந்தக் கம்பத்தில் அசிங்கம். சீவன் எழுந்து புல் கடித்துவிட்டால் ஊசியை நிறுத்திவிடுவார். மீதியை அடுத்த சீக்குக்கு எடுத்துவைப்பார். சிங்காரி குட்டி போட்டு ஏதாவது வடிந்தால், காய்ச்சல் கண்டால், பக்கிரிசாமியின் பங்கு மருந்து வந்துவிடும். ஒரு காசு வாங்கமாட்டார். மாரியாயி அவரை அண்ணே என்று கூப்பிட்டது சும்மா இல்லை, கூடப்பிறந்தவராகவே நினைத்தாள்.

எண்பத்து நாலாம் வருஷம் சிங்காரி மறுபடியும் சினையாக இருந்தது. இந்தத் தடவை குட்டி செத்துப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுசாக விழவில்லை. விழுந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் நாற்றம் எடுக்க ஆரம்பித்தது. சிங்காரி தலையைத் தொங்கப்போட்டு நின்றது, உடம்பு அனலாகக் கொதித்தது. பக்கிரிசாமி ஓடிவந்து ஊசி போட்டார். மறுநாளும் போட்டார். வேறு பாட்டில் எடுத்துவந்து அதையும் போட்டார். வடிகிற சீழ் வடிந்துகொண்டே இருந்தது.

"இதுக்கு முந்தி ஒரு ஊசியிலேயே எழுந்து நிக்குமே, இப்ப என்ன கேடு?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

கன்னையா லோரியை எடுத்துக்கொண்டு போய் அரசாங்க மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தான். விநாயகமூர்த்தி என்று பெயர். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து மனிதர். சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, தோள் வரைக்கும் கையுறை மாட்டிக்கொண்டு கழுதைக்குப் பின்னால் நின்றார். கழுதைக்குப் பின்னால் நிற்க ஒரு நெஞ்சுரம் வேண்டும்! கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விட்டு, வெளியே வடியவிட்டு, மறுபடி விட்டுக் கழுவினார். ஒரு பஞ்சுக் குச்சியில் சீழைத் தொட்டு எடுத்து, லேபுக்கு அனுப்ப மூடிவைத்தார்.

"டாக்டரையா, பிழைக்குமா?"

"கர்ப்பப்பை பழுதாகிக் கிடக்குது அம்மா. விஷம் உடம்புக்க ஏறினா ஒண்டும் செய்யேலாது. தினமும் வந்து கழுவிவிடுறன். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் எண்டு லேப்தான் சொல்லோணும்."

அவர் சொன்னபடியே தினமும் வந்தார். லேபிலிருந்து முடிவு வந்த அன்று மாரியாயியைத் தன் ஆபீசுக்கு வரச்சொல்லி, ஒட்டி மூடின ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்க, பால்மேல் ஆடை படர்ந்த மாதிரி கிருமி வளர்ந்திருந்தது. அதன்மேல் நெற்றிப்பொட்டு அளவில் சின்னச் சின்னக் காகித வட்டங்கள்.

"ஒவ்வொரு பொட்டிலயும் ஒவ்வொரு மருந்து. கிருமி பயந்தால், பொட்டைச் சுற்றி இடம் விட்டு விலகி நிற்கும். இது பென்சிலின். பாருங்கோ, விலகி நிற்குதா?"

விலகவே இல்லை. பொட்டு ஓரம் வரைக்கும் ஒட்டி வளர்ந்திருந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டது போல வட்டமாக வெறிச்சோடிக் கிடந்தது.

"இந்த ஒண்டுதான் மிச்சம். ஜென்டாமைசின். பழைய மருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பட்டுப் பட்டு, சாகாமல் தப்பின கிருமி பழகிப்போச்சு. உங்களை மட்டும் குறை சொல்லேலாது, டாக்டர்மாரும் இந்தப் பிழை விடுறவைதான். ஆனா இந்த மருந்தை ஒரு கிழமை, ஏழு நாளும், முழுசாப் போடோணும். சுகமாகிட்டுது எண்டு இடையில நிறுத்தக் கூடாது, ஒரு சொட்டும் வேற மிருகத்துக்குப் போகக் கூடாது. இதுவும் பழகிப்போனா எனக்குக் குடுக்க வேற மருந்து இல்லை. விளங்குதா?"

மாரியாயிக்கு விளங்கியது. அத்தனை வருஷமும் அன்பாகக் கொடுத்த பங்குதான் இப்படி வந்து நிற்கிறது என்பதும் விளங்கியது. பக்கிரிசாமி அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் விளங்கவில்லை. அதனால் சொல்லவில்லை. மருந்துப் பாட்டிலை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். ஊசி போட்டது வழக்கம் போல அவர்தான்.

மூன்றாம் நாள் சிங்காரி காதை நிமிர்த்தி, தவிட்டு வாளிக்குள் தலையை விட்டது. மாரியாயி போய் மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டு வந்தாள். கன்னையா குஷி தாங்காமல் மைனருக்குக்கூட ஒரு வாழைப்பழம் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் பக்கிரிசாமி ஊசியோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"மாரியாயி, என் காராம்பசுவுக்கு மடி கல்லா இறுகிப்போச்சு. கறந்தா கட்டிகட்டியா வருது. நம்ம பழைய மருந்துக்குக் கேக்கல. இதுல பாதிய எனக்குத் தா. ஒன் கழுதைதான் எழுந்து தின்னுதே, போதும் லா."

அவர் கேட்டது கேட்கக்கூடாத கேள்வியா? இத்தனை வருஷம் கேட்காமலே கொடுத்த மனுஷன். கொடுத்தால் சிங்காரி போய்விடும். கொடுக்காவிட்டால் நன்றி கெட்டவள். சிங்காரி போய்விட்டால் இந்தக் கம்பத்தில் தன்னை யார் பிள்ளை தூக்கக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பும் வராமல் இல்லை.

"முடியாது அண்ணே. டாக்டரு முழுசா போடணும்னு சொல்லியிருக்காரு. பாம்ப அரைகுறையா அடிச்சு விடலாமா? திரும்பி வந்து கொத்துமே அண்ணே."

"நான் குடுக்கறப்ப இந்தப் பாம்புக் கதையெல்லாம் எங்க போச்சு?"

வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் பெண்சாதி இராஜம்மாவுக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

"விட்டுட்டு வாங்க. கன்னுக்குட்டி பாலில்லாம கத்துது, அது அவளுக்கு எங்க தெரியப்போவுது? பெத்தவளுக்குல்ல தெரியும்!"

சொல்லிவிட்டாள். அத்தனை வருஷமும் ஒருவரும் நேரில் சொல்லாததைச் சொல்லியேவிட்டாள். பக்கிரிசாமியே திடுக்கிட்டு அவளைப் பார்த்தார், ஆனாலும் ஊசியைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாரியாயி அந்த ஊசியை எடுத்துக் கொதிக்கவைத்து, டாக்டர் கோடு காட்டின அளவுக்கு மருந்தை ஏற்றிக்கொண்டு சிங்காரியிடம் போனாள். அதுவரைக்கும் ஒரு கோழிக்குக்கூட ஊசி போட்டதில்லை. கன்னையா கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"நீங்க ஏங்க கண்ண மூடுறீங்க? ஒங்களுக்கா ஊசி?" என்று அழுகையோடு அழுகையாகத் திட்டிக்கொண்டே குத்தினாள். சிங்காரி ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்ததோடு சரி.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் ஏறி டாக்டர் ஆபீசுக்குப் போனாள். தன் கழுதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"டாக்டரையா, எங்க அண்ணன் வீட்டு மாட்ட வந்து பாக்கணும். நீங்க வந்தாத்தான் நான் வீட்டுக்குத் திரும்பிப் போவேன்."

"இதென்ன அம்மா, மறியலா?"

"எப்படி வேணும்னாலும் வெச்சுக்குங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே காரை எடுத்தார். பசுவின் மடியைப் பார்த்து, கட்டிகட்டியாக வந்த பாலைச் சீசாவில் பிடித்துக்கொண்டார். லேப் முடிவு வரும் வரை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நாள் முழுக்க அடிக்கடி மடியைக் கறந்து காலியாக்கச் சொன்னார். அதற்கு ஒருத்தி கை போதாது. கூப்பிடாமலே மாரியாயி போய் உட்கார்ந்தாள். பசுவுக்கு அந்தப் பக்கம் இராஜம்மா, இந்தப் பக்கம் இவள். இரண்டு பேரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. வெந்நீர் ஆறினால் ஒருத்தி எழுந்து போய்க் கொண்டுவருவாள், கை வலித்தால் மற்றவள் வாங்கிக் கறப்பாள். இரண்டு நாள் அப்படியே ஓடியது.

லேப் முடிவு வந்ததும் டாக்டர் நேரே கொட்டகைக்கே வந்தார்.

"இது வேற கிருமி, பக்கிரிசாமி. உங்கட பழைய பென்சிலினே போதும். ஆனா நீங்கள் போட்ட அளவு காணாது. முழு அளவு, முழு நாளும். அந்தக் கழுதை மருந்தைப் பாதி வாங்கிப் போட்டிருந்தா இதுவும் சரியா மாறியிராது, அதுவும் செத்திருக்கும்."

பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் எல்லாத்துக்கும் குடுத்தேன்" என்றார்.

"நல்லதுதான் அண்ணே நெனச்சீங்க. அது எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மாரியாயி. மனதார அதைச் சொன்னாள். இத்தனை வருஷம் நாதியற்றுப் போகாமல் இருந்ததே அவர் தயவால்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மருந்து தப்பாகப் போயிருக்கலாம், கொடுத்த மனசு தப்பில்லையே.

பசு தேறியது. சிங்காரியும் தேறியது. வாரம் முடிந்து பாட்டில் காலியான அன்று டாக்டர் வந்து கையுறை மாட்டிப் பார்த்தார்.

"உயிருக்கு இனிப் பயமில்லை. ஆனா உள்ளுக்குத் தழும்பாகிப்போச்சு அம்மா. இனிச் சினை தங்காது."

"பால்?"

"குட்டி இல்லாட்டிப் பால் ஏது?"

மாரியாயி தலையாட்டினாள். "உசுரக் குடுத்தீங்களே டாக்டரையா, அது போதும்" என்று கும்பிட்டாள். பொய் சொல்லவில்லை. சிங்காரி கிடைத்ததே பெரிசு. ஆனால் டாக்டர் கார் திரும்பிப் போனதும், சிங்காரியின் முதுகைத் தடவிக்கொண்டு, "நீயும் என்ன மாதிரி ஆயிட்டியேடி" என்றாள். மறுநாளிலிருந்து பாசாருக்குப் பழையபடி சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள்.

மாதங்கள் போயின. பக்கிரிசாமியின் மகள் சந்திரகலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்து வீட்டுக்குக் கொண்டுவந்த செய்தி வேலி தாண்டி வந்தது. குழந்தை அழுகிற சத்தமும் வந்தது. மாரியாயி கொல்லையில் துணி காயப்போடுகிற சாக்கில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவு தட்டினார்கள். இராஜம்மா நின்றாள்.

"பால் இல்லையே அண்ணி" என்றாள் மாரியாயி, அவள் வாயைத் திறக்கும் முன்னே. "சிங்காரிக்குத்தான் இனிமே…"

"பாலுக்கு யாரு வந்தா? சேனை வெக்கணும், வா."

மாரியாயிக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். நாலு பிள்ளை பெற்ற மகராசிகளைத் தேடிப் பிடித்துத்தான் வைக்கச் சொல்வார்கள்.

"நானா? என்னையா அண்ணி? ஊருல எத்தனையோ பேரு…"

"எத்தனையோ பேரு இருக்காளுங்க. நான் சொன்ன சொல்ல வாங்கிக்கிட்டு, மறுநாளே வந்து என் மாட்டக் கறந்தவ நீ ஒருத்திதான்." இராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கி நாக்கு அழுகிப்போயிருக்கலாம் எனக்கு. என் பேரனுக்கு ஒன் கொணம் வரணும் மாரியாயி. ஆஸ்பத்திரியில நர்ஸு ஒண்ணும் வெக்க விடல. இன்னும் யாரும் வெக்கல. ஒனக்காகத்தான் வெச்சிருக்கோம், வாடி."

கன்னையா உள்ளேயிருந்து, "போ லா, அந்தப் பயலுக்கு ஒன் வாய் மட்டும் வந்துடாம பாத்துக்க" என்றான்.

பக்கிரிசாமி வாசலிலேயே நின்று வழிவிட்டார். சந்திரகலா குழந்தையை நீட்டினாள். மாரியாயி பாயில் உட்கார்ந்து அதை மடியில் வாங்கினாள். கிண்ணத்தில் விரலை நனைத்தாள். இரண்டு சொட்டு பாயில் சிந்தியது. குழந்தையின் உதட்டில் விரலை வைத்ததும் அது பொக்கை வாயால் பற்றிக்கொண்டு, பசியோடு சப்ப ஆரம்பித்தது. மாரியாயி எடுக்கப் பார்த்தாள், அது விடவில்லை.

"இருக்கட்டும், எடுக்காத" என்றாள் இராஜம்மா.